மேரியோ லேட்டா குதிக்கிறார், ரெட்ரோஆர்ச்சில் எதை மாத்தணும்?

பாலக்கோடு_8பிட்:
640×480 திரை உள்ள கைக்கன்சோல், பழைய கேம் ஓட்டுற ரெட்ரோஆர்ச் ஆப்ல விளையாடுறேன். 1985 சூப்பர் மேரியோ பிரதர்ஸில் பட்டனை அமுக்கி ஒரு கணம் கழிச்சுதான் குதிக்கிறார், நேரா பள்ளத்துல. ஓடும்போது செங்கல் கோடெல்லாம் நெளியுது. மெமரி கார்டு கோளாறாங்க?

ஓசூர்_ஜாய்ஸ்டிக்:
கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. கேமோட படம் 256×240 புள்ளி. அகலத்தை 640க்கு இழுத்தா 2.5 மடங்கு, ஒரு புள்ளி திரையில 2 கட்டம், அடுத்தது 3 கட்டம். அதான் நெளிவு. ஸ்கேலிங்ல இன்டிஜர் ஸ்கேல் (முழு எண் மடங்குல மட்டும் பெருசாக்கும்) ஆன் பண்ணுங்க. 512×480 வரும், இருபக்கமும் 64 கட்டம் கருப்பு. பழகிடும்.

தாமதத்துக்கு: கேமை பாஸ் பண்ணி, குதிக்கிற பட்டனை அமுக்கிப் பிடிச்சபடியே பிரேம் அட்வான்ஸ் (கேமை ஒரு பிரேம், அதாவது ஒரே ஒரு படம் நகர்த்தும்) ஒவ்வொண்ணா தட்டுங்க. 3வது தட்டுல அசைஞ்சா லேட்டன்சி (தாமதம்) மெனுவில் ரன்-அஹெட் 2, அதாவது கேமை 2 பிரேம் முன்கூட்டியே ஓட்டிக் காட்டும். எண்ணினதுல ஒண்ணு குறைச்சு வைக்கணும். பேராசைப்பட்டு கூட்டினா குதிப்போட முதல் பிரேமே காணாம போகும், சிப்பும் திணறி சத்தம் கரகரன்னு வரும்.

காவேரிப்பட்டணம்_கேமர்:
ரோம் (கேம் ஃபைல்) ஐரோப்பியப் பதிப்பான்னும் பாருங்க. அது 50 ஹெர்ட்ஸ், நொடிக்கு 50 பிரேம்தான். அமெரிக்க, ஜப்பான் பதிப்பு 60. புளூடூத் இயர்போனா? சத்தம் பிந்தி வந்தாலும் குதிப்பே லேட்டான மாதிரி தோணும், வயர் போட்டுப் பாருங்க.

கூடவே வந்த பேர் தெரியாத கார்டை எப்படியும் மாத்திடுங்க, ஆனா சேவ் ஃபோல்டரை முதல்ல காப்பி எடுத்துட்டு. கோர் (ரெட்ரோஆர்ச்சுக்குள்ள கேமை ஓட்டுற எமுலேட்டர்) மாத்தினா பழைய சேவ் ஸ்டேட் (நடுவுல நிறுத்திச் சேமிச்ச நிலை) பெரும்பாலும் திறக்காது.

பாலக்கோடு_8பிட்:
2வது தட்டுலயே அசையுது. ரன்-அஹெட் 1 வச்சேன், சரியாயிடுச்சுங்க. ரோமும் ஐரோப்பாதான்!