ரிட்டர்ன் பம்ப் மாற்றம்: டி.சி. பம்ப் ஒன்றா, ஏ.சி. பம்ப் இரண்டா?

சம்ப்காவலன்:
என் கடல்நீர்த் தொட்டி 120 செ.மீ. நீளமும் 55 செ.மீ. அகலமும் உடையது, கொள்ளளவு ஏறத்தாழ 400 லிட்டர். தொட்டிக்குக் கீழே நீரைச் சுத்தம் செய்யும் சிறு தொட்டியான சம்பிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்புகளாக 45 வாட் ஏ.சி. பம்ப் இரண்டு தனித்தனிக் குழாய்களில் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றின் ஷாஃப்ட் தேய்ந்து இரைச்சல் கூடிவிட்டது. மற்றதும் அதே வயதுதான். இரண்டையும் எடுத்துவிட்டு 40 வாட் டி.சி. பம்ப் ஒன்றை மட்டும் வைக்கலாமா? தொட்டி சென்னையில் இருக்கிறது, நீரைக் குளிர்விக்கும் சில்லரும் உண்டு.

பவளத்தோட்டம்:
தயங்காமல் மாற்றுங்கள், நண்பரே. 90 வாட் இடைவிடாமல் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 65 யூனிட் ஆகும். 40 வாட்டுக்கு 29 யூனிட்தான். இரு மாதக் கட்டணத்தில் 72 யூனிட் மிச்சமாகும். இதைவிட முக்கியமானது வெப்பம். நீரில் மூழ்கியிருக்கும் பம்ப் இழுக்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் கடைசியில் அந்த நீரிலேயே சூடாகச் சேர்கிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற நீங்கள் சில்லருக்கு மறுபடியும் மின்சாரம் செலவழிக்கிறீர்கள். டி.சி. பம்பின் வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைக்கலாம், இரை போடும்போது பெரும்பாலானவற்றைச் சில நிமிடங்கள் நிறுத்தியும் வைக்கலாம்.

அலைகடல்:
மின்கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரே பம்ப் நின்றுபோனால் தொட்டியின் கதி என்ன என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் சம்பில் இருக்கும் நீரையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்யும். சில்லர் சம்போடு இணைந்திருந்தால் அதன் குளிர்ச்சியும் மேலே ஏறாது. மே மாதப் பகலில் பூட்டிய வீட்டின் வெப்பம் எவ்வளவு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்ஸிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். இரண்டு பம்ப் இருந்தால் ஒன்று நின்றாலும் பாதி ஓட்டம் மிஞ்சும். அந்தப் பாதி ஓட்டமே உயிர்களைக் காப்பாற்றிவிடும்.

மேலும், ஏ.சி. பம்பில் அசையும் பாகம் நீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லர் ஒன்றுதான். அதையும் ஷாஃப்டையும் மாற்றினால் பம்ப் புதிது போல ஓடும். டி.சி. பம்பிலோ கண்ட்ரோலர் என்ற மின்னணுப் பெட்டி ஒன்று கூடுதலாக இருக்கிறது. உப்பு படியும் ஈரமான கேபினெட்டுக்குள் அதைப் பூட்டி வைப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

பவளத்தோட்டம்:
கண்ட்ரோலரைக் கேபினெட்டுக்கு வெளியே, சம்பின் மட்டத்துக்கு மேலே பொருத்தினால் அந்தக் குறை பெருமளவு நீங்கும். இரண்டு பம்ப் இருப்பதே பாதுகாப்பு என்ற வாதத்தையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. ஒரே நாளில் வாங்கி, ஒரே நீரில், ஒரே அளவு சுண்ணப் படிவோடு ஓடும் இரண்டு பம்புகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் தேயும். கையால் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பான யூனியன் வைத்துக் குழாயை இணைத்து, மாற்றுப் பம்ப் ஒன்றை அலமாரியில் வைத்திருந்தால், பழுதானதைச் சில நிமிடங்களில் கழற்றி மாற்றிவிடலாம்.

அலைகடல்:
வீட்டில் ஆள் இருந்தால் மட்டுமே அது நடக்கும். பூட்டிய வீட்டில் அலமாரியில் இருக்கும் பம்பால் பயனில்லை.

உப்புமானி:
இருவரும் ஓட்டத்தின் அளவைப் பேசாமலே பம்பைப் பேசுகிறீர்கள். தொட்டிக்குள் அலையை உண்டாக்க வேவ்மேக்கர் இருக்கும்போது, சம்ப் வழியாக மணிக்குத் தொட்டிக் கொள்ளளவின் மூன்று முதல் ஐந்து மடங்கு நீர் சுழன்றால் போதும். இந்தத் தொட்டிக்கு அது 1,200 முதல் 2,000 லிட்டர் வரை. பெட்டியில் அச்சிட்டிருப்பது ஏற்றமே இல்லாத நிலையில் அளந்த எண்; ஒன்றரை மீட்டர் உயரமும் சில எல்போக்களும் (குழாய் வளைவுகளும்) சேர்ந்தால் உண்மையான அளவு வெகுவாகக் குறையும். எனவே, வாங்குமுன் எந்த உயரத்துக்கு எவ்வளவு நீர் ஏறும் என்று காட்டும் அந்தப் பம்பின் ஏற்ற வரைபடத்தைப் பாருங்கள். ஏ.சி. பம்ப் என்றால் இன்னொன்றும் உண்டு: 60 ஹெர்ட்ஸில் அளந்த எண்ணை நம் ஊர் 50 ஹெர்ட்ஸுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சுழற்சி ஆறில் ஐந்து பங்காகிவிடும். ஏற்றும் திறன் அதைவிட அதிகமாகக் குறையும்.

எந்தப் பம்ப் வைத்தாலும், நிறுத்திப் பார்க்கும் சோதனையை விட்டுவிடாதீர்கள். பம்ப் நின்றதும், ரிட்டர்ன் முனை நீர்மட்டத்துக்கு மேலே வரும்வரை தொட்டி நீர் சைஃபனாகக் கீழே வடியும். உங்கள் தொட்டியில் மட்டம் ஒரு செ.மீ. இறங்கினாலே 6.6 லிட்டர் சம்புக்கு வந்துவிடும். ஓட்டம் கூடினால் தொட்டியின் மட்டமும் சற்று உயர்ந்து நிற்கும் என்பதால், பழைய பம்பில் வழியாத சம்ப் புதிய பம்பில் வழியலாம். நீர் பின்னோக்கி வருவதைத் தடுக்கும் செக் வால்வை மட்டும் நம்புவது ஆபத்து, சுண்ணமோ நத்தையோ சிக்கினால் அது மூடாது.

அலைகடல்:
உப்புமானி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டு பம்புகளையும் ஒரே குழாயில் இணைக்கவே கூடாது. ஒன்று நின்றால், மற்றது ஏற்றும் நீர் நின்ற பம்பின் வழியாகவே சம்புக்குத் திரும்பிவிடும்.

சம்ப்காவலன்:
அப்படியானால், இரைச்சல் தரும் பம்பின் இடத்தில் மட்டும் டி.சி. பம்பை வைத்து, மற்ற ஏ.சி. பம்பைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்து தொடரலாமா? இரண்டின் வயதும் வேறாகிவிடும், பூட்டிய வீட்டிலும் ஒரு குழாய் ஓடும்.

பவளத்தோட்டம்:
ஓடட்டும், ஆனால் மின்சார மிச்சத்தில் பெரும்பகுதியை இழப்பீர்கள். ஏ.சி. பம்ப் தேய்ந்ததும் அந்த இடத்தில் 20 வாட்டுக்குள் சிறிய டி.சி. பம்ப் ஒன்றைத் தனிக் கண்ட்ரோலரோடு வையுங்கள். அதுவரை அந்த ஏ.சி. பம்பின் மின்கம்பி உறையையும் மோட்டாரை மூடியிருக்கும் வார்ப்பையும் விரிசலுக்காக அவ்வப்போது பாருங்கள். விரிசல் வழியாக உள்ளே இருக்கும் செம்பு நீரில் கசிந்தால், பவளமும் இறாலும்தான் முதலில் சாகும்.

அலைகடல்:
அந்த ஏற்பாட்டுக்கு எனக்கு மறுப்பில்லை. இரண்டு கண்ட்ரோலரையும் ஒரே பிளக் பாயிண்ட்டில் மாட்டிவிடாதீர்கள்.