அமெரிக்காவில் நகராட்சி இல்லாத குட்டி ஊரின் வரலாற்றை எங்கிருந்து தேடுவது?

கேள்வி: மேயர் கிடையாது, ஊர் எல்லையும் கிடையாது. சாலை சந்திப்பு, தேவாலயம், கல்லறை, அவ்வளவுதான். எந்த ஆவணத்தில் தொடங்கலாம்?

பதில் 1: தபால் நிலையத்தில் தொடங்குங்க. தேசிய ஆவணக் காப்பகத்தின் எம்841 நுண்படச்சுருளில் 1832 முதல் 1971 வரை போஸ்ட்மாஸ்டர் நியமனங்கள் மாவட்ட (கவுண்டி) வாரியா இருக்கு. அதைவிடச் சுவையானது எம்1126 சுருள். பக்கத்து ஆறு எவ்வளவு தூரம், ரயில் பாதை எந்தப் பக்கம்னு போஸ்ட்மாஸ்டரே நிரப்பிய படிவங்கள். பலதில் கையால் வரைந்த வரைபடமும் உண்டு.

பதில் 2: ஒரு எச்சரிக்கை. தபால் நிலையம் மூடிய தேதியை ஊர் அழிந்த தேதின்னு எழுதிடாதீங்க. 1896-ல் சோதனையாத் தொடங்கிய கிராமப்புற வீட்டு விநியோகம் பரவினதும் ஏராளமான சிறு நிலையங்களை மூடினாங்க. ஊர் அப்படியேதான் இருந்தது. பெரும்பாலும் மளிகைக் கடைக்குள்ளதான் நிலையம். கடைக்காரர் மாறினா இடமும் மாறும், சில சமயம் பெயரும்.

பதில் 3: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர்ப் பெயரைத் தேடினா பெரும்பாலும் கிடைக்காது. டவுன்ஷிப் (மாவட்டத்தின் உட்பிரிவு) அல்லது வாக்குப் பகுதியின் பெயரில் பாருங்க. 1890 கணக்கெடுப்புத் தாள்கள் 1921 தீவிபத்துக்குப் பின் கிட்டத்தட்ட இல்லை. 1880-க்கும் 1900-க்கும் நடுவே விழும் அந்த 20 வருட இடைவெளியை மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கும் நிலவரிப் பதிவேடும் கிரயப் பத்திர அட்டவணையும்தான் நிரப்பும். விற்றவர், வாங்கியவர் இரண்டு அட்டவணையையும் பாருங்க. பள்ளிக்கு, தேவாலயத்துக்குக் கொடுத்த நிலம் அதில் சிக்கும்.