கைவினைக் கத்தியைப் படமெடுக்க வெளிச்சம் எப்படி?

தேக்காவாசி:
கண்காட்சியில் ஒரு டமாஸ்கஸ் கத்தி. அலகெங்கும் ஆற்றுநீர் போல ஓடும் வரிகள், மான்கொம்புப் பிடி. அவ்வளவு அழகு! படத்திலோ கூரை விளக்குதான் பளிச்சிடுகிறது. லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) மாட்டியும் போகவில்லை. என்ன செய்யலாம்?

ஈசூன்கேமரா:
உலோகத்தின் பளபளப்பைப் போலரைசர் மட்டும் நீக்காது, அண்ணே. வெள்ளை அட்டையை மேலே சாய்த்துப் பிடித்து, அதன் பிம்பம் அலகு முழுக்க விழும் கோணத்தைத் தேடுங்கள். வரிகள் எழுந்து வரும்.

பட்டறைப்பிரியன்:
பெரும்பாலும் 1084, 15என்20 என்ற இருவகை எஃகுகளை அடுக்கிக் காய்ச்சி அடித்திருப்பார்கள். உலோகத்தை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்கினால் 1084 கறுக்கும். நிக்கல் கலந்த 15என்20 வெளுப்பாகவே நிற்கும். அதுதான் அந்த வரி! செய்தவரிடம் கேட்டுவிட்டுப் பிடியை மட்டும் தொடுங்கள். நம்மூர் ஈரப்பதத்தில் கைரேகை பட்ட அலகு துருப்பிடித்துவிடும்.

தேக்காவாசி:
ரொம்ப நன்றி. அட்டை வாங்கிவிடுகிறேன்.