புதுப்பிப்பு: லேசர் கண் சிகிச்சை, நான்கு மாதம் கழித்து

மைனஸ் ஐந்தரை பவர், மெல்லிய கருவிழி, கண்ணாடியை விட லேசர் சிகிச்சையில் எந்த முறை எனக்குப் பொருந்தும், லாசிக்கா, ஸ்மைலா, பிஆர்கேவா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன் அல்லவா? கடைசியில் பிஆர்கே செய்துகொண்டேன்.

லாசிக்கில் கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மூடியை வெட்டித் தூக்கி, அடியில் செதுக்குவார்கள். ஸ்மைலில் சிறு கீறல் வழியாக ஒரு வில்லையை உருவிவிடுவார்கள். இரண்டிலும் பார்வை சீக்கிரம் தெளியும். பிஆர்கேயில் மேல்தோலை நீக்கிவிட்டுச் செதுக்குவதால், அது வளரும்வரை அவதிதான். மூன்று நாள் கண்ணில் மிளகாய்த்தூள் கொட்டியது போல இருந்தது. வெளிச்சம் படாமலிருக்க ஜன்னல் திரைக்கு மேல் அப்பாவின் கைலியையும் தொங்கவிட்டார் அம்மா.

இப்போது கண் பரிசோதனை அட்டையில் 6/6, அதாவது இயல்பான பார்வை. சரி, ஆனால் அந்த அட்டை வெள்ளையில் கறுப்பு எழுத்து. சுங்கை சிப்புட்டில் இரவு வேலை முடிந்து, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே மோட்டாரில் வரும்போதுதான் சங்கதி தெரிகிறது. எதிரே வரும் லோரி விளக்கைச் சுற்றி வளையம். இருட்டில் கண்மணி (ஒளி உள்ளே போகும் நடுத்துளை) விரிவதால், செதுக்கிய வட்டத்தின் ஓரத்து ஒளியும் உள்ளே போய்ச் சிதறுகிறதாம். பவர் அதிகமென்றால் இதுவும் அதிகம். முதல் மாதம் பூசணி அளவு; இப்போது மங்குஸ்தீன் அளவு. மழையில் மட்டும் மறுபடி பூசணி.

லாசிக்கில் வளையமே வராதா என்று கேட்ட தம்பிக்கு: எந்த முறையிலும் வரலாம். இருட்டில் உங்கள் கண்மணி எவ்வளவு விரிகிறது என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை.

கண் உலர்ச்சிக்கு இன்னும் சொட்டு மருந்து விடுகிறேன், ஏர்கோன் அறையில் அடிக்கடி.