'ரங்கீலா' பழைய சிடி வைத்திருப்பவர்கள் உதவ வேண்டும்

ரஹ்மானின் 'ரங்கீலா' (1995) பாடல்களை ஒரு இணையக் கடையில் 24 பிட் ஃபிளாக்காக (ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) வாங்கினேன். ஸ்பெக்கில் (ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் மென்பொருள்) திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸில் சுவர் எழுப்பியது போல ஒலி நின்றுவிடுகிறது. பழைய நாடாப்பதிவு என்றால் மேல் அலைவரிசைகள் மெல்லத்தான் தேயும். இப்படி நேர்கோடாக வெட்டுவது பெரும்பாலும், ஒலியின் ஒரு பகுதியை நீக்கிச் சுருக்கும் 128 கேபிபிஎஸ் எம்பி3-யின் அடையாளம். எம்பி3-யை ஃபிளாக்காக மாற்றினால் கோப்புதான் பெரிதாகும், போன ஒலி திரும்பாது.

குறை சிடியிலேயே இருக்கிறதா, கடைக்குப் போன கோப்பிலா என்று தெரிய வேண்டும். 90களின் சிடி உள்ளவர்கள் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் செக்யூர் முறையில் (பிழை சரிபார்த்துப் படிப்பது) ரிப் செய்து, அதாவது கணினியில் நகலெடுத்துப் பாருங்கள். டிரைவ் ஆஃப்செட்டை (சிடி டிரைவ் படிக்கத் தொடங்கும் இடத்தில் வரும் சிறு விலகலுக்கான திருத்தம்) சரியாக அமைக்காவிட்டால், மற்றவர்களின் நகல்களோடு ஒப்பிடும் அக்யூரேட்ரிப் ஒப்பீடு பொருந்தாமல் போகலாம்.

பாட்டுக் கோப்பு வேண்டாம், அது காப்புரிமைச் சிக்கல். லாக் (ரிப் செய்த விவர அறிக்கை), ஸ்பெக் படம், டிஆர் அளவு (உரத்த, மெல்லிய ஒலிகளுக்கு இடையிலான வேறுபாடு), சிடியின் உள்வளையத்தில் பொறித்த எண் இவை போதும். எந்தப் பதிப்பு என்று காட்டும் அந்த எண் மிக முக்கியம்: உறை ஒன்றாகவே இருந்தாலும் பிந்தைய பதிப்பு சத்தம் கூட்டி நசுக்கிய ரீமாஸ்டராக இருக்கலாம். டிஆர் நன்றாக உள்ள பதிப்பு எது என்று தெரிந்தால் அதையே தேடி வாங்கிவிடுவேன்.