வலிப்பு என்று நினைத்த மூன்று நிமிடங்கள்

உடற்கல்வி ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்

இருபத்திரண்டு ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கை முறிந்தவர்களையும், பல் உடைந்தவர்களையும், வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தவர்களையும் எத்தனையோ முறை தூக்கி உட்கார வைத்திருப்பதால், ஆடுகளத்தில் யார் விழுந்தாலும் பதறாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

குறுவட்ட அளவிலான கால்பந்துப் போட்டி, இரண்டாம் பாதி, மாலை நான்கு மணி இருக்கும். எங்கள் அணியில் வலது ஓரத்தில் ஆடிய பதினாறு வயது மாணவன், பந்து முப்பது மீட்டருக்கு அப்பால் இருந்தபோது ஓட்டத்தைக் குறைத்து, காலணிக் கயிற்றைக் கட்டப் போகிறவன்போலக் குனிந்து, அப்படியே முகம் குப்புற விழுந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. அருகில் நின்ற இரண்டு பையன்கள் அவன் வழுக்கி விழுந்துவிட்டதாக நினைத்துச் சிரித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. நடுவர் விசில் ஊதிக் கை காட்டும்வரை நான் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தேன். விதி அதுதான் என்று நானே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கைகள் வெட்டி வெட்டி இழுத்தன. கண்கள் திறந்து மேலே செருகியிருந்தன. கூட்டத்திலிருந்து ஒருவர் "காக்காய் வலிப்பு" என்றார். அந்தச் சொல் விழுந்ததும் எல்லோருக்கும் என்ன செய்வதென்று தெரிந்துவிட்டது. நான்கைந்து பேர் தங்கள் வண்டிச் சாவிகளை எடுத்து அவன் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்தார்கள். ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலை முகத்தில் கவிழ்த்தார், இன்னொருவர் பாதத்தைத் தேய்த்தார். அவன் வாய், கரையில் போட்ட மீனின் வாயைப்போலச் சில நொடிகளுக்கு ஒரு முறை திறந்து மூடியது. குறட்டை போன்ற ஒரு சத்தமும் வந்தது. "மூச்சு இருக்கிறது, காற்று வர விடுங்கள்" என்று கூட்டத்தை விலக்கி, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இழுப்பு நிற்கட்டும் என்று காத்திருந்தேன். இழுப்பு நின்றது. அது நல்லதற்கு என்று நினைத்தேன்.

ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் கழித்து, தன் மகன் ஆடுவதைப் பார்க்க வந்திருந்த ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். செவிலியர் என்று பிறகுதான் தெரிந்தது. கழுத்தில் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தவர், ஒரு சொல்லும் பேசாமல் அவனை மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் கைகளைக் கோத்து அழுத்தத் தொடங்கினார். அப்போதுதான் அவன் உதடுகள் சிலேட்டு நிறமாகியிருந்ததை நான் கவனித்தேன். 108 வண்டி விரைவாகவே வந்தது. ஆனால் மைதானத்தின் பெரிய வாயிற்கதவு சங்கிலியிட்டுப் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். சிறிய வாசல் வழியே தூக்குப்படுக்கையைக் கையில் சுமந்து வந்தார்கள். அவன் கையில் ஐந்து பேருடைய சாவிகள் இருந்தன, அந்தக் கதவின் சாவி மட்டும் யாரிடமும் இல்லை.

மருத்துவமனையில் அவனை மீட்க முடியவில்லை. பிறவியிலேயே இதயத் தசை தடித்திருந்ததாகப் பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. காரியம் முடிந்து நான் போனபோது அவன் அப்பா அழவில்லை, திட்டவும் இல்லை. "விழுந்தவுடனே என்ன பண்ணீங்க, சார்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை சரியாகப் பதில் சொல்ல எனக்கு வராததால்தான் இதை எழுதுகிறேன். இதுபோன்ற நேரத்தில் அருகில் இருந்தவர்கள், தாங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

அவசரப் பிரிவுச் செவிலியர், மதுரை

ஆசிரியர் ஐயாவுக்கு, நீங்கள் கண்டது மூச்சு அன்று. இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு சிறிது நேரம் அனுப்பிக்கொண்டிருக்கும் கடைசிக் கட்டளைகளால் வாய் திறந்து மூடுகிறது. நெஞ்சுக்குள் பயனுள்ள காற்று எதுவும் போவதில்லை. மூளைக்கு இரத்தம் திடீரென்று நின்றுபோவதால் கைகால்களும் இழுக்கும். அதனால் இதய நிறுத்தத்தின் முதல் அரை நிமிடம் பார்ப்பதற்கு வலிப்பைப் போலவே இருக்கும். பயிற்சி பெற்றவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது இதுதான்: விளையாடிக்கொண்டிருந்தவர் யாரும் மோதாமல் சரிந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால், வேறு என்று தெளிவாகும்வரை அது இதய நிறுத்தமே. நாடி தேடி நேரம் போக்க வேண்டியதில்லை. உண்மையிலேயே வலிப்பாக இருந்து நெஞ்சை அழுத்திவிட்டால் பெரிய கேடு வராது. அழுத்தாமல் விட்டால் நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வரை பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

எங்கள் பிரிவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார்கள். ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் உட்கார வைத்து, தலை சாயாமல் பிடித்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் ஓட்டி வந்திருக்கிறார்கள். காலில் கட்டிய கிரிக்கெட் கால்காப்பு இன்னும் கழற்றப்படவில்லை; அதன் வார்ப்பட்டையை வெட்டியது நான்தான். அந்த நண்பர்கள் வேகத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடமும் அவருடைய மூளைக்கு ஒரு சொட்டு இரத்தம் போகவில்லை. அதே பதினைந்து நிமிடம் அவர்கள் ஆடுகளத்திலேயே மண்டியிட்டு மாறி மாறி அழுத்திக்கொண்டு, 108-ஐ அங்கே வரவழைத்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

2012 மார்ச் 17 அன்று லண்டனில் டாட்டன்ஹாம் அணிக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த போல்டன் அணிக் கால்பந்து வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா இப்படித்தான் விழுந்தார். பார்வையாளராக வந்திருந்த இதய மருத்துவர் ஆண்ட்ரூ டீனர் இருக்கையை விட்டுக் களத்துக்குள் ஓடினார். 15 முறை மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டியிருந்தது. 78 நிமிடங்கள் இதயம் தானாகத் துடிக்கவில்லை. அவர் பிழைத்து, பேசி, நடந்து வீடு திரும்பினார். இதை அதிசயம் என்று எழுதுகிறவர்கள், அந்த 78 நிமிடமும் யாரோ ஒருவருடைய கைகள் அவர் நெஞ்சின்மேல் இருந்தன என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். அழுத்துவது எளிய வேலை அன்று. பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் தோள் சோர்ந்துவிடும், ஆள் மாற வேண்டும். விலா எலும்பு முறியும் சத்தம் உள்ளங்கையில் தெரியும். முதல் முறை அந்தச் சத்தத்தில் நான் கையை எடுத்துவிட்டேன். மூத்த செவிலியர் என் கையின்மேல் தன் கையை வைத்து மறுபடி அழுத்தினார்.

மென்பொருள் பணியாளர், சிங்கப்பூர்

எங்கள் அனுபவம் நல்லபடியாக முடிந்தது. அதற்குக் காரணம் எங்கள் திறமை அன்று, எட்டிய தூரத்தில் இருந்த ஒரு பெட்டி.

வாரம் இரு முறை பூப்பந்து (பேட்மின்டன்) ஆடும் நண்பர் குழு எங்களுடையது. நாற்பத்தேழு வயது நண்பர் ஒருவர் முதல் ஆட்டத்திலேயே நெஞ்சைத் தடவிக்கொண்டு, "மதியம் சாப்பிட்டது வாய்வாகிவிட்டது" என்றார். நாங்களும் சோடா குடிக்கச் சொன்னோம். அடுத்த ஆட்டத்தில், எதிரணி சர்வீஸ் போடப் போகும் நேரத்தில், மட்டையை நழுவவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தார். ஒருவர் இங்குள்ள அவசர மருத்துவ உதவி எண்ணான 995-ஐ அழைத்து ஒலிபெருக்கியில் போட, மறுமுனையில் இருந்தவர் "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக் கொடுத்தார். அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப நான் அழுத்தினேன். இங்கே குடியிருப்புக் கட்டடங்களின் மின்தூக்கிக் கூடங்களிலும் சமூக மன்றங்களிலும் ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியை வைத்திருப்பார்கள். மற்றொரு நண்பர் அதைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

இதில் யாரும் சொல்லித் தராத ஒன்று உண்டு. ஆடிக்கொண்டிருந்தவரின் உடம்பு வியர்வையில் நனைந்திருக்கும்; கருவியிலிருந்து நெஞ்சில் ஒட்டும் பட்டை வழுக்கிக்கொண்டு வரும். பெட்டியில் இருந்த கத்தரியால் சட்டையைக் கிழித்து, ஒருவர் தம் துவாலையால் நெஞ்சை அழுத்தித் துடைத்த பிறகுதான் பட்டை ஒட்டியது. கருவி தானே இதயத் துடிப்பை ஆராய்ந்து, அதிர்ச்சி தேவை என்று சொல்லி, எல்லோரையும் விலகச் சொன்னது. நான் பொத்தானை அழுத்தினேன். அவர் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. உடனே எழுந்து உட்காருவார் என்று எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டோம். தொடர்ந்து அழுத்துங்கள் என்று கருவி அதட்டிய பிறகே மீண்டும் தொடங்கினோம். நண்பருக்கு இதய இரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து, இப்போது நடைப்பயிற்சி போகிறார். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் இந்த அடைப்புதான் காரணம் என்றும், ஆசிரியரின் மாணவனைப் போன்ற இளையவர்களுக்குத் தசைத் தடிப்பு, பிறவிக் குழாய்க் கோளாறு, இதய மின்னோட்டக் கோளாறு போன்றவை காரணம் என்றும் மருத்துவர் விளக்கினார்.

எங்கள் ஆட்டத்திலேயே இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி 2024 ஜூன் 30 அன்று நடந்தது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில், 17 வயதுச் சீன வீரர் ஜாங் ஜிஜியே ஆட்டத்தின் நடுவில் சரிந்து விழுந்தார். நடுவரின் அனுமதி இல்லாமல் மருத்துவக் குழு களத்துக்குள் நுழையக் கூடாது என்ற நடைமுறையால் ஏறத்தாழ 40 நொடிகள் அவர் தனியே கிடந்த காணொளியை நான் ஒரு முறைதான் பார்த்தேன். அன்றிரவே அவர் இறந்துவிட்டார். விசிலுக்குக் காத்திருந்ததை ஆசிரியர் தம் தவறாக எழுதியிருக்கிறார். அந்தத் தவறு உலகப் போட்டி விதிகளிலேயே இருந்தது.

ஓய்வு பெற்ற கால்பந்து நடுவர், பெங்களூரு

மேலே சொன்னதை நடுவர் தரப்பிலிருந்து ஒப்புக்கொள்கிறேன். நான் ஆடுகளத்துக்கு வந்த காலத்தில், விழுந்தவன் நடிக்கிறானா என்று பார்ப்பதே எங்கள் முதல் வேலை. 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில், கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிரான அரையிறுதியின் 72-ஆவது நிமிடத்தில் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ நடுக்களத்தில் விழுந்தார். அவரைத் தூக்குப்படுக்கையில் வெளியே எடுத்துச் சென்றார்கள். 45 நிமிடம் முயன்றும் பலனில்லை. அவருக்கும் தடித்த இதயத் தசை. அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று எங்கள் ஊர் கண்டீரவா அரங்கில், ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்தியானோ ஜூனியர், தன் இரண்டாவது கோலை அடித்த அதே நொடியில் கோல்காப்பாளருடன் மோதி விழுந்து, எழவே இல்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகு நான் நடுவராக நின்ற எந்தப் போட்டியிலும் விழுந்தவனின் முகத்தைப் பார்க்காமல் அட்டையைத் தொட்டதில்லை.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்தியன் எரிக்சன் விழுந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நடுவர் ஆண்டனி டெய்லர் உடனே மருத்துவக் குழுவை உள்ளே அழைத்தார், அணித் தலைவர் சிமோன் கியேர் ஓடி வந்தார், வீரர்கள் முதுகைக் காட்டிச் சுவராக நின்றார்கள். ஆசிரியருக்கு நான் சொல்ல விரும்புவது அணி மருத்துவர் மார்ட்டன் போசன் பிறகு கூறியதை. தான் போனபோது எரிக்சன் ஒருக்களித்துப் படுத்திருந்தார், மூச்சு இருந்தது, நாடியும் தெரிந்தது, திடீரென்று அது மாறியது, உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கினோம் என்றார். ஒரே மின்னதிர்ச்சியில் இதயம் திரும்பியது. "மூச்சு இருக்கிறது" என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது, ஐயா. ஆனால் அது மாறியதை அவர் உடனே கவனித்துவிட்டார்.

முன்கூட்டியே இ.சி.ஜி. எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கி, இளம் வீரர்களின் திடீர் மரணத்தைப் பெருமளவு குறைத்தது உண்மைதான். ஆனால் எரிக்சன் அப்போது இத்தாலியில் இன்டர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர், அந்தச் சோதனைகளைத் தாண்டியே வந்தவர். நெஞ்சில் அதிர்ச்சிக் கருவி பொருத்திய பிறகு இத்தாலிய விதிகள் அவரை ஆட விடவில்லை. 2022-இல் இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்டு அணிக்கு ஆடினார். ஆகவே சோதனை வேண்டும், ஆனால் அதை நம்பிக் களத்தின் ஓரத்தில் கருவி வைக்காமல் இருக்க முடியாது.

பூட்டிய கதவைப் பற்றியும் ஒன்று. 2012 ஏப்ரல் 14 அன்று இத்தாலியின் பெஸ்காராவில் மொரோசினி என்ற வீரர் விழுந்தபோது, காவல் வாகனம் ஒன்று வழியை அடைத்து நின்றது. கண்ணாடியை உடைத்து அதைத் தள்ளினார்கள். அவரும் பிழைக்கவில்லை.

உடற்கல்வி ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்

அனைவருக்கும் நன்றி. செவிலியர் அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். வாய் திறந்து மூடியதை மூச்சு என்று நினைத்ததுதான் என் மனத்தை அதிகம் அரித்துக்கொண்டிருந்தது.

எங்கள் பள்ளியில் ஏ.இ.டி. இன்னும் இல்லை, கேட்டிருக்கிறோம். கைக்கு எட்டியதை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் எல்லா மாணவர்களுக்கும் தரையில் போட்ட பழைய பாய்ச்சுருளின்மேல் நெஞ்சை அழுத்தப் பழக்குகிறோம். மாணவர்களைவிட மாணவிகள் நன்றாகச் செய்கிறார்கள். போட்டி தொடங்குமுன் இரு அணிப் பயிற்சியாளர்களையும் நடுவரையும் கூட்டி, யாரும் தொடாமல் ஒரு பையன் விழுந்தால் விசிலுக்குக் காத்திராமல் உள்ளே ஓடுவேன் என்று சொல்லிவிடுகிறேன். யார் அழுத்துவது, யார் 108-ஐ அழைப்பது, யார் சாலைமுனையில் நின்று வண்டிக்கு வழி காட்டுவது என்பதையும் பெயர் சொல்லி ஒப்படைக்கிறேன். சென்ற மாதம் வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் எதற்கு சார், டாஸ் போடலாமா?" என்றார். பெரிய கதவின் சாவி யாரிடம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, அந்த மைதானத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை. சாவி வந்து கதவு திறந்தபோது ஆட்டம் இருபது நிமிடம் தாமதமாகியிருந்தது.