இங்கிலீஷ் நியூஸ் படிச்சா புரியுது, அதைப் பத்திப் பேசச் சொன்னா வாய் பூட்டிக்குது. என்ன பண்ணலாம்?

அரைகுறை_ஆங்கிலம்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கோங்க.

நானும் என் ஃப்ரெண்டும் அஞ்சு மாசமா தினம் ராத்திரி அரை மணி நேரம் போன் கால்ல இங்கிலீஷ்ல மட்டும்தான் பேசணும்னு ஒப்பந்தம் போட்டு பேசிட்டு வர்றோம். முதல்ல ஃபேமிலி, ஹாபி, வேலை, லட்சியம் இப்படி பேசினோம், அதெல்லாம் பத்து நாள்ல காலி. எனக்கு என்ன லட்சியம்னு அவனுக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. சரி, கரண்ட் அஃபேர்ஸ் பேசுவோம்னு நியூஸுக்குப் போனோம். காலைல ஒரு நியூஸ் எடுத்து படிச்சு, தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் நோட்ல எழுதி வச்சுக்குவேன், இப்ப மூணாவது நோட்டு ஓடுது. ஆனா ராத்திரி கால்ல அவன் "வாட் டு யூ திங்க்?"னு கேட்டா படிச்சதை ரெண்டு நிமிஷம் ஒப்பிச்சுட்டு கடைசியா "ஸோ... இட் இஸ் வெரி பேட்"னு முடிச்சுடுவேன். அவன் "யெஸ் யெஸ், வெரி பேட்"ங்கிறான். அப்புறம் ரெண்டு பேரும் அமைதி. அதுக்கப்புறம் யாராவது ஒருத்தன் "டேய் நான் என்ன சொல்ல வர்றேன்னா"ன்னு தமிழ்ல ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் பிரமாதமான விவாதம் நடக்கும், எல்லாம் தமிழ்ல. ஒரு தடவை அரசியல் நியூஸ் எடுத்து மூணு நாள் பேச்சுவார்த்தையே இல்லாம போச்சு, அது தனிக்கதை.

ஆபீஸ்ல மீட்டிங் தொடங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் எல்லாரும் சும்மா ஏதாவது பேசிட்டு இருப்பாங்க பாருங்க, நான் அப்ப மட்டும் மைக்கை ம்யூட்ல போட்டுட்டு பிஸியா இருக்கற மாதிரி உட்கார்ந்திருப்பேன். ரிப்போர்ட் கொடுக்கணும்னா கொடுத்துடுவேன், சும்மா பேசத்தான் வரமாட்டேங்குது.

அன்றாட விஷயம் பேசறது நல்லதா, நியூஸ் பேசறது நல்லதா? தப்பு விட்டா அப்பவே திருத்தணுமா? தமிழுக்குத் தாவாம இருக்க ஏதாவது வழி இருக்கா?

---

ஸ்க்ரோல்_மன்னன்:

நியூஸை தூக்கி கடாசுங்க ப்ரோ. மீட்டிங்குக்கு முன்னாடி எவன் உலகப் பொருளாதாரம் பேசறான்? லிஃப்ட் வேலை செய்யல, ஏழு மாடி ஏறினேன், மூச்சு வாங்குது, இதைத்தான் பேசுவாங்க. இதை இங்கிலீஷ்ல சுவாரசியமா சொல்லத் தெரிஞ்சா போதும்.

---

சாக்பீஸ்_தாத்தா:

ரொம்ப வருஷம் இங்கிலீஷ் வாத்தியாரா இருந்துட்டு ரிட்டையர் ஆனவன், அதனால நானும் நீளமாத்தான் எழுதுவேன்.

தம்பி, உங்க கதைல எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அந்த மூணு நோட்டு. படிச்சுப் புரிஞ்சுக்கறது ஒரு வேலை, சொந்தமா வாக்கியம் கட்டி வெளிய விடறது வேற வேலை. கனடால பள்ளிக்கூடத்துல பாடமே பிரெஞ்சுல படிச்ச பிள்ளைங்களை மெரில் ஸ்வெயின்னு ஒரு ஆய்வாளர் கவனிச்சாங்க. வருஷக்கணக்கா படிச்சதால கேட்டா நல்லாப் புரியுது, பேச்சுல மட்டும் இலக்கணம் இடறிட்டே இருந்திருக்கு. காதுல விழுந்தது பத்தாது, தானா பேசித் தடுமாறும்போதுதான் நமக்கு எது வரலைன்னே நமக்குத் தெரியும்னு 1985ல எழுதினாங்க. உங்க நிலைமையும் ஏறக்குறைய அதேதான்.

அப்புறம் நியூஸ் இங்கிலீஷ்ல ஒரு பொறி இருக்கு. தலைப்புகளோட இலக்கணமே தனி. நேத்து நடந்ததை நிகழ்காலத்துல போடுவான், நாளைக்கு நடக்கப்போறதுக்கு வெறும் "டு" போடுவான், "அ", "தி" எல்லாத்தையும் முழுங்கிடுவான். "ஃபைவ் ஹர்ட் இன் பஸ் கிராஷ்"னு படிச்சதை அப்படியே பேச்சுல விட்டா கேக்கறவனுக்கு தந்தி வந்த மாதிரி இருக்கும், பேசும்போது "ஃபைவ் பீப்பிள் வேர் ஹர்ட் இன் அ பஸ் கிராஷ்"னு முழுசா வரணும். "ஸ்லாம்ஸ்" (கடுமையா விமர்சிக்கறார்), "ப்ரோப்" (விசாரணை) இதெல்லாம் தலைப்புல இடம் மிச்சம் பண்றதுக்குன்னே வச்சிருக்கற சின்ன வார்த்தைங்க. "மை மேனேஜர் ஸ்லாம்ட் மீ"ன்னு நீங்க சொன்னா அவர் கதவைச் சாத்தினாரா, உங்களையே தூக்கி அடிச்சாரான்னு கேப்பாங்க.

இன்னொண்ணு, தமிழ்ல வினை கடைசில வரும். "மழை பெஞ்சு ட்ராஃபிக்ல மாட்டி நேத்து மீட்டிங்குக்கு லேட்டா வந்தேன்"னு மனசுல கட்டி வச்சுட்டு இங்கிலீஷாக்கப் போனா மழைல ஆரம்பிச்சு நடுவுல நாக்கு குளறி நின்னுடுவீங்க. வினையை முன்னாடி தள்ளுங்க. "ஐ வாஸ் லேட் எஸ்டர்டே." அவ்வளவுதான், முதல்ல அதைச் சொல்லி முடிச்சுடுங்க. அப்புறம் வாலை ஒட்டுங்க, மழை, ட்ராஃபிக், என்ன வேணா. தமிழுக்குத் தாவறது பெரும்பாலும் சோம்பேறித்தனம் இல்ல, பெரிய வாக்கியத்தைத் தூக்க முடியாம கீழ போடறதுதான்.

கடைசியா, தினம் புது டாபிக் எடுக்காதீங்க, ஒரே டாபிக்கை ரெண்டு மூணு தடவை பேசுங்க. 4/3/2ன்னு ஒரு பயிற்சி இருக்கு, கீத் மாரிஸ்னு ஒருத்தர் 1983ல சொன்னது, பால் நேஷன்ங்கிற ஆய்வாளர் 1989ல அதைப் பத்தி கட்டுரை எழுதினதும் பரவலாச்சு. ஒரே விஷயத்தை ஒருத்தர்கிட்ட 4 நிமிஷம், அடுத்தவர்கிட்ட 3 நிமிஷம், மூணாவது ஆள்கிட்ட 2 நிமிஷம் சொல்லணும். நோட்டைப் பாக்கக் கூடாது, கேக்கறவர் குறுக்க பேசக் கூடாது. முதல் தடவை யோசிச்சு யோசிச்சு வந்த வாக்கியம் மூணாவது தடவை தானா ஓடும். நீங்க ரெண்டே பேருங்கிறதால முதல் ரெண்டு ரவுண்டை போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு மூணாவதை மட்டும் நண்பர்கிட்ட சொல்லுங்க. ஒரே கதையை மூணு தடவை கேக்கற கொடுமை அவருக்கு எதுக்கு?

---

பகுதி_மூணு_பயம்:

நான் ரெண்டு தடவை ஐஈஎல்டிஎஸ் (வெளிநாடு போறவங்க எழுதற இங்கிலீஷ் பரீட்சை) எழுதினவ, அந்த அனுபவத்துல சொல்றேன். அன்றாட விஷயமா நியூஸாங்கிற கேள்வியே தப்புன்னு நினைக்கிறேன் (ஸ்க்ரோல்_மன்னன் மன்னிக்கவும்). அந்த ஸ்பீக்கிங் டெஸ்ட் மொத்தமே 11லேருந்து 14 நிமிஷம்தான். முதல்ல உங்களைப் பத்தி சாதாரணமா கேப்பாங்க, அப்புறம் ஒரு கார்டு கொடுத்து 1 நிமிஷம் யோசிச்சு 2 நிமிஷம் வரைக்கும் பேசச் சொல்வாங்க, மூணாவது பகுதில அதே விஷயத்தை சமூகம், மாற்றம், எதிர்காலம்னு பெருசாக்கி கேப்பாங்க. கார்டுல மறக்க முடியாத பயணம்னு வந்தா மூணாவதுல டூரிசம் ஒரு ஊருக்கு நல்லதா கெட்டதான்னு வரும். வீட்டுலேருந்து உலகத்துக்கு ஒரு ஏணி மாதிரி. நாங்க ப்ராக்டிஸ்லயும் அதையே பண்ணினோம், என்ன, நியூஸை மேல இருந்து பிடிக்காம கீழ இருந்து பிடிச்சோம்.

உதாரணத்துக்கு 16 வயசுக்குக் கீழ உள்ள பசங்க சோஷியல் மீடியால அக்கவுண்ட் வச்சுக்கக் கூடாதுன்னு ஆஸ்திரேலியாவுல 2024 நவம்பர்ல சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10லேருந்து அமல்படுத்தினாங்க இல்ல, அதை எடுத்தா "வாட் டு யூ திங்க்"னு ஆரம்பிக்கவே கூடாது. நீ முதல் தடவை போன் வாங்கினது எப்போ? 14 வயசுல அதுல என்ன பாத்துட்டு இருந்த? இங்க பாஸ்ட் டென்ஸ் எல்லாம் வந்துடும். அப்போ இந்தத் தடை இருந்திருந்தா நீ என்ன பண்ணிருப்ப? பொய் வயசு போட்டு உள்ள போயிருப்பியா? இங்க "வுட் ஹேவ்" இல்லாம நகரவே முடியாது. உனக்குப் பொண்ணு இருந்தா நீ தடுப்பியா, இல்ல கவர்மென்ட் தடுக்கணுமா? இப்பதான் கருத்து வருது, ஆனா அதுக்குள்ள நீங்க பத்து நிமிஷம் பேசி முடிச்சிருப்பீங்க, வாயும் சூடாயிருக்கும். "வெரி பேட்"னு முடிக்கவும் மாட்டீங்க, ஏன்னா நீங்களே 13 வயசுல பொய் வயசு போட்டதை இப்பத்தானே ஒத்துக்கிட்டீங்க.

கட்சி அரசியலை விட்டுடுங்க, கோவம் வந்தா எல்லாருக்கும் தாய்மொழிதான் வரும்.

---

ஸ்க்ரோல்_மன்னன்:

அக்கா, ஏணி ஓகே, ஒத்துக்கறேன். ஆனா நியூஸ் படிக்கறதுக்கு பதிலா கேக்கச் சொல்லுங்க. பிபிசி லேர்னிங் இங்கிலீஷ்ல "6 மினிட் இங்கிலீஷ்"னு ஒண்ணு வருதே, ரெண்டு பேர் ஒரு விஷயத்தைப் பேசிக்கறது, ஆரம்பத்துல ஒரு கேள்வி கேட்டுட்டு கடைசில பதில் சொல்வாங்க, எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். அதுல வார்த்தையை விட எனக்குப் பிடிச்சது ஒருத்தர் சொன்னதுக்கு இன்னொருத்தர் எப்படி பதில் கொடுக்கறாங்கங்கிறது. "ரியலி?", "தட்ஸ் அ குட் பாயிண்ட், பட்", "வாட் டு யூ மீன் பை தட்?" இதையெல்லாம் பத்து பிடிச்சு வச்சாலே அரை மணி நேரம் ஓட்டலாம். அரைகுறை ப்ரோவும் ஃப்ரெண்டும் மாத்தி மாத்தி பேசறாங்களே தவிர ஒருத்தரை ஒருத்தர் கேள்வியே கேட்டுக்கல, அதான் அமைதி.

---

சாக்பீஸ்_தாத்தா:

மன்னன் சொன்னது நூத்துக்கு நூறு. அந்த நிகழ்ச்சி வேகமா இருக்குன்னு நினைக்கறவங்களுக்கு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959லயே ஸ்பெஷல் இங்கிலீஷ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, சுமார் 1500 வார்த்தைக்குள்ளயே செய்தி, சின்னச் சின்ன வாக்கியம், நிறுத்தி நிதானமா வாசிப்பாங்க. நான் ரேடியோல கேட்டிருக்கேன். 1500 வார்த்தைல உலக நடப்பையே சொல்ல முடியும்னா உங்க மூணு நோட்டுல இருக்கறது ஏற்கனவே அதிகம் தம்பி.

---

கமா_போலீஸ்:

தப்பு திருத்தறது பத்தி யாருமே சொல்லலையே. அப்பப்பவே திருத்தணும்ங்கிறது என் கட்சி. என் கஸின் பத்து வருஷமா "டிஸ்கஸ் அபௌட்"னுதான் சொல்றான், "டிஸ்கஸ்"க்கு அப்புறம் "அபௌட்" வராதுன்னு யாரும் சொல்லாததால அது அப்படியே கெட்டிப்பட்டுப் போச்சு.

---

பகுதி_மூணு_பயம்:

முடியவே முடியாது. என் முதல் பார்ட்னர் இப்படித்தான், நான் எங்க பாட்டி ஆஸ்பத்திரில இருந்ததை சொல்லிட்டு இருக்கேன், நடுவுல நிறுத்தி "ஷி வாஸ்"னு சொல்லுன்னாங்க. அன்னையோட அந்த ப்ராக்டிஸுக்கு முழுக்கு போட்டேன்.

---

சாக்பீஸ்_தாத்தா:

நடுவுல ஒரு வழி இருக்கு. குறுக்க நிறுத்தாம, அவங்க சொன்னதையே சரியா திருப்பிச் சொல்லி கேள்வியாக்கிடுங்க. "எஸ்டர்டே ஐ கோ டு பேங்க்"னு ஒருத்தர் சொன்னா "ஓ, யூ வென்ட் டு த பேங்க்? வாஸ் இட் க்ரௌடட்?"னு கேட்டுட்டு போயிட்டே இருக்கணும், பேச்சும் அறாது, காதுலயும் விழுந்துடும். கமா போலீஸ் கேக்கறதும் நியாயம்தான், சில பேர் காதுல இது விழாது. அதுக்கு கால் முடியறப்போ அஞ்சு நிமிஷம் ஒதுக்கி, ஒரே ஒரு வகைத் தப்பை மட்டும் பேசுங்க. இன்னைக்கு பாஸ்ட் டென்ஸ்னா அது மட்டும். என் வகுப்புல நானும் ஆரம்பத்துல எல்லாத்தையும் சிவப்பு மையால திருத்தினவன்தான், நாலு மாசத்துல கடைசி பெஞ்ச் மொத்தமும் ஊமையாயிடுச்சு.

---

இரவுப்_பூனை:

பேச ஆளே இல்லாதவங்க என்ன பண்றது? நான் ஏஐ ஆப்ல வாய்ஸ்ல பேசறேன், கூச்சம் போச்சு, அது உண்மை. ஆனா ஒரு குறை, அது பொறுமையின் சிகரம். நான் பாதில நிறுத்தினா நான் சொல்ல வந்ததை அதுவே அழகா முடிச்சு வைக்குது, எல்லாத்துக்கும் "கிரேட் பாயிண்ட்"ங்குது. மனுஷங்க நடுவுல புகுந்து பேசறப்போ நாம எப்படி இடம் பிடிக்கறதுங்கிறது மட்டும் அதுல வரவே இல்ல. இப்ப "டிஸக்ரீ வித் மீ, ஆஸ்க் ஒன் ஷார்ட் கொஸ்டின் அட் அ டைம்"னு முதல்லயே சொல்லிட்டு ஆரம்பிக்கறேன், கொஞ்சம் பரவால்ல.

---

அரைகுறை_ஆங்கிலம்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் பெரிய நன்றி.

நோட்டு எழுதறதை நிறுத்திட்டேன். வாரத்துக்கு ரெண்டே டாபிக். முதல் வாரம் அந்த சோஷியல் மீடியா தடை, அக்கா கேட்ட கேள்விங்களை அப்படியே வரிசையா கேட்டுக்கிட்டோம். என் ஃப்ரெண்ட் எட்டாவது படிக்கும்போது பொண்ணு பேர்ல அக்கவுண்ட் வச்சிருந்தானாம், இருபது வருஷ நட்புல இது எனக்குத் தெரியவே தெரியாது. அதை அவன் இங்கிலீஷ்லயே சொல்லி முடிச்சான், நான் சிரிச்ச சிரிப்புல தமிழுக்கு மாறணும்னே தோணல. 4/3/2 ரெக்கார்ட் பண்ணி கேட்டேன், 4 நிமிஷத்துல பதினேழு தடவை "பேசிக்கலி" சொல்லிருக்கேன். 2 நிமிஷ ரவுண்டுல அஞ்சுதான்.

வினையை முன்னாடி தள்றது மட்டும் இன்னும் கைக்கு வரல தாத்தா, டென்ஷன் ஆனா மழைலதான் ஆரம்பிக்கறேன்.

நேத்து மீட்டிங்குக்கு முன்னாடி ஒருத்தர் தூக்கமே இல்லைன்னு சொன்னார், நான் ம்யூட்டை எடுத்துட்டு "ரியலி? வாட் ஹேப்பண்ட்?"னு கேட்டேன். அவர் அஞ்சு நிமிஷம் பேசினார். நான் பேசினது மொத்தம் ஒரு எட்டு வார்த்தை இருக்கும்.

---

ஸ்க்ரோல்_மன்னன்:

அந்தப் பொண்ணு பேர் என்னன்னு மட்டும் சொல்லிட்டு போங்க ப்ரோ.